பாயா, பந்தா, பேண்டா? பார்வை இல்லாத வீரர்களுக்கு எந்த கோர் பயிற்சி

பார்வை இல்லாதவங்க மணிச் சத்தத்தைக் கேட்டு ஆடுற பந்தாட்டம் கோல்பால். அதை ஆடுற பசங்களுக்கு கோர் பயிற்சி, அதாவது வயிறு, முதுகு, இடுப்புன்னு நடு உடம்பைப் பலப்படுத்தற பயிற்சின்னு பேச்செடுத்தா ஜிம்ல முதல்ல உருட்டிட்டு வர்றது காத்தடிச்ச அந்தப் பெரிய சுவிஸ் பாலைத்தான். கண்ணு தெரியாதவங்களுக்கு பேலன்ஸ் கம்மி, ஆடுற பொருள் மேல பழகினா பேலன்ஸ் வந்துடும்னு சொல்வாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சேன், இப்ப இல்ல.

நாம நிமிர்ந்து நிக்கறதுக்கு கண்ணு, உள்காது, பாதத்துலயும் மூட்டுலயும் இருந்து வர்ற உணர்வு, இந்த மூணும் வேணும். சந்தேகமா இருந்தா கண்ணை மூடிட்டு ஒத்தக்கால்ல நின்னு பாருங்க. பார்வை இல்லாத ஒரு வீரர் மீதி ரெண்டை வெச்சுத்தான் நிக்கறாரு, அதுல தரை ஆடாம இருக்கறது அவருக்கு எவ்வளவு பெரிய துணைன்னு யோசிங்க, பந்து மேல உக்கார வெச்சா அதையும் புடுங்கிடறோம். விழாம இருக்கறதுலயே உடம்பு குறியா இருக்கறதால தசை முழு பலத்தைப் போடாது. பந்து நழுவி உருண்டுச்சுன்னா அதைத் தேடிப் பிடிக்கவே ஒருத்தர் வேணும். பந்தை ஒரேயடியா தூக்கிப் போடச் சொல்லல, அடித்தளம் நல்லா வந்தப்புறம் சுவர் மூலையில அண்டக் குடுத்து செய்யலாம். ஆனா ஆரம்பமே அதுவா இருக்கக் கூடாது.

பாய்ல செய்யற பயிற்சிதான் என் கணக்குல முதல் இடம். டெட் பக் (மல்லாக்கப் படுத்து கை காலை மேல தூக்கி, எதிரெதிர் கையையும் காலையும் மெதுவா நீட்டறது), பேர்ட் டாக் (கை முட்டி ஊனி நின்னு எதிரெதிர் கையையும் காலையும் நீட்டறது), சைடு பிளாங்க் (ஒருக்களிச்சு முழங்கையில ஊனி இடுப்பைத் தூக்கிப் பிடிக்கறது). உடம்பு தரையைத் தொட்டுக்கிட்டே இருக்கறதால எது நகருது எது நகரலன்னு அவங்களுக்கே தெரியும். சொல்லிக் குடுக்கற விதம்தான் இங்க எல்லாமே. "இப்படி"ன்னு செஞ்சு காட்டினா பிரயோஜனம் இல்ல, "முதுகை நேரா வை"ன்னு கத்தினாலும் நேருன்னா எதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? டெட் பக் செய்யறப்போ இடுப்புக்கு அடியில ஒரு துண்டை விரிச்சு வெச்சு நான் லேசா இழுப்பேன், துண்டு உருவிட்டு வந்தா முதுகு தூக்கிடுச்சுன்னு அர்த்தம், வராம இறுகிப் பிடிச்சிருந்தா சரி. பேர்ட் டாக்குக்கு முதுகு நெடுக ஒரு கம்பு, பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூணு இடத்துலயும் தொட்டுட்டே இருக்கணும். தொடறதுக்கு முன்னாடி கேட்டுட்டுத் தொடுங்க, திடீர்னு கை வெச்சா யாருக்குமே தூக்கிவாரிப் போடும். பிடிக்கற நேரம் ஒரு தடவைக்கு 10 செகண்ட் போதும், விட்டு விட்டு நிறைய தடவை செய்யலாம், மூணு நிமிஷ பிளாங்க் சாதனையெல்லாம் வேண்டாம்.

ஆனா பாயோட நின்னுட்டா பாதி வேலைதான். கோல்பால்ல மணி வெச்ச 1.25 கிலோ பந்து வருது, 9 மீட்டர் அகல கோலை மூணே பேர் காக்கணும், சத்தத்தைக் கேட்டு பக்கவாட்டுல நீட்டி விழணும், உடனே எழுந்து திருப்பி எறியணும். விழுந்து தடுக்கறதுக்கு சைடு பிளாங்க் நேரடியா உதவுது, எறியறதுக்கு நின்ன நிலையில முறுக்கைத் தாங்கற பலம் வேணும். டி11, அதாவது பார்வை அறவே இல்லாத, இல்ல கிட்டத்தட்ட இல்லாதவங்க பிரிவுல ஓடறவருக்கும் அதேதான், கூடவே ஓடி வழி காட்டற கைடோட ஒரு கை கயித்துல கட்டியிருக்கறதால அந்தப் பக்கக் கை தன்னிஷ்டத்துக்கு வீசாது, உடம்பு ஒரு பக்கமா திரும்பாம பிடிச்சு வெக்கறது நடு உடம்புதான். பாரிஸ் 2024 பாராலிம்பிக்ஸ்ல கபில் பர்மார் வெண்கலம் வாங்கினாரே, அந்த பார்வையற்றோர் ஜூடோவுல ஆட்டமே ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டுதான் ஆரம்பிக்கும், எதிராளி இழுக்கறது திருப்பறது எல்லாத்தையும் நின்னுட்டே தாங்கணும்.

இதுக்குத்தான் ரப்பர் பேண்ட். ஜன்னல் கம்பியில நெஞ்சு உயரத்துக்குக் கட்டி, பக்கவாட்டுல நின்னு ரெண்டு கையாலயும் நெஞ்சுல இருந்து முன்னாடி தள்ளணும், பேண்ட் திருப்பப் பாக்கும், நாம திரும்பக் கூடாது. எந்தப் பக்கம் இழுக்குதுன்னு கையிலயே தெரியறதால பார்வையே தேவைப்படல, அதான் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். நிக்கற இடத்துக்கு தரையில நூலை வெச்சு மேல டேப் ஒட்டிடுங்க, கோல்பால் கோர்ட் கோடு போடறதும் இப்படித்தான், பாதமே தடவிக் கண்டுபிடிச்சுக்கும்.

யோகாவை ஏன் விட்டுட்டேன்னு கேப்பீங்க. மூச்சுக்கும் நிதானத்துக்கும் நல்லதுதான், ஆனா கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருக்கறவங்க சிரசாசனம் மாதிரி தலை கீழ போற ஆசனம் செஞ்சா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும். மூச்சை அடக்கி முக்கினாலும் ஏறும், அதனால பாயோ பேண்டோ எது செஞ்சாலும் மூச்சு விட்டுட்டே செய்யணும். மிச்சம் இருக்கற கொஞ்சப் பார்வையையும் பயிற்சியால இழக்க வெக்கற பாவம் நமக்கு வேண்டாங்க. பயிற்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பார்வை எதனால போச்சுன்னு கேளுங்க, கிளாக்கோமா, விழித்திரை பிரச்சனைன்னா கண் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் பாயை விரிங்க.