அச்சா, கிண்டிலா: மே மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப முடியுமா?

சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு உடனே ராயல்டிக்குப் போய்விடும். எத்தனை சதவீதம், எப்போது கைக்கு வரும், எந்தக் கடை கழிவு (விற்றுத் தருவதற்கான கமிஷன்) குறைவாகக் கேட்கிறது. நான் இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்தவள். முதல் நாவலை என் செலவில் அச்சடித்தேன், அடுத்ததை அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் மட்டும் வெளியிட்டேன். இனி எது என்று கேட்டால், கிண்டில்தான். அதற்குக் காரணம் ராயல்டி இல்லை. பள்ளி லீவு விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் மலைப்பக்கம் போக முடிகிறதா, அவ்வளவுதான் என் கேள்வி.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகத் தாண்டிவிடலாம். அச்சுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால்தான் சொந்தக்காரர்கள் நம்மை எழுத்தாளர் என்று நம்புகிறார்கள். காகிதம், அட்டை, பைண்டிங் எல்லாவற்றுக்கும் முன்பணம் வேண்டும். கிண்டிலுக்கு வேண்டாம். புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் நம் நாட்டில் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம். கிண்டிலுக்கு அதுவும் கட்டாயமில்லை.

இனி பராமரிப்பு. அச்சடித்து முடித்ததோடு வேலை தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் ஒரே ஒரு பிரதியை நேரடியாக விற்றுப் பார்க்கட்டும். வாட்ஸ்அப்பில் ஜிபே ஸ்கிரீன்ஷாட் வரும். கொஞ்சம் கழித்து முகவரி வரும், பின்கோடு இல்லாமல். அதைக் கேட்டு வாங்க வேண்டும். புத்தகத்தை பாலித்தீன் உறையில் போட்டு, மேலே காக்கித்தாள் சுற்றி, நான்கு முனையிலும் பிரவுன் டேப்பை இரண்டு சுற்று ஒட்ட வேண்டும். முனை மடங்கிப் போனால் மூன்றாம் நாள் போட்டோ வந்துவிடும்: "அக்கா, புக் டேமேஜா வந்திருக்கு." அவர்கள் கேட்பதிலும் தப்பில்லை, காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

தபால் செலவும் முன்போல் இல்லை. புத்தகங்களுக்கென்று மலிவாக இருந்த பதிவு புக்போஸ்ட் 2024 டிசம்பரில் நின்றுபோனது. 2025 மே மாதம் புத்தகங்களுக்கென்று தபால் துறையின் ஞான் போஸ்ட் வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. பாடநூல், பண்பாடு, ஆன்மிகம் என்று அதற்கு வகைப்பாடு உண்டு, அதனால் நாவலைக் கொண்டுபோகிறவர்கள் கவுன்டரில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்றால் கூரியர்தான். 200 ரூபாய்ப் புத்தகத்துக்குக் கூரியர் கட்டணத்தையும் சேர்த்துச் சொன்னால் எதிர்முனையில் ஒரு மௌனம் வரும் பாருங்கள்!

இதையெல்லாம் மே மாதத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஊருக்குப் போகும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுக்கலாம். பார்சல் கட்டச் சொல்லிக் கொடுக்க முடியுமா? கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகள் இருக்கிற வரை வீட்டில் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். தரையில் வைத்தால் கரையான், சுவரோரம் வைத்தால் ஈரம். வாடகை வீடு மாறும்போது அந்தப் பெட்டிகளைத் தூக்க வருகிறவர் கேட்கும் கூலி தனிக்கதை.

கிண்டிலில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. குன்னூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு வாசகர் எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டினால், லேப்டாப் கையில் இருந்தால் அன்று இரவே திருத்திய கோப்பை ஏற்றிவிடலாம். கேடிபி செலக்ட்டில் (மின்னூலை அமேசானுக்கு மட்டும் கொடுக்கும் திட்டம்) சேர்ந்திருந்தால் 90 நாளுக்குள் 5 நாள் புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கலாம். தேதியை முன்கூட்டியே குறித்துவிட்டுக் கிளம்பினால் போதும். லீவு நாளில் சும்மா இருக்கிற வாசகர்கள் இறக்கிக்கொள்வார்கள், நாம் பாட்டுக்கு மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மலை ரயிலில் உட்கார்ந்திருக்கலாம். (சொந்த வண்டியில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். ரயிலில், அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.)

பணம் வரும் காலத்தையும் கணக்குப் போட்டுவிடுங்கள். ஒரு மாத விற்பனைக்கான ராயல்டி, அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் வரும். ரயில் முன்பதிவும் 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆக, மே இரண்டாம் வாரப் பயணத்துக்கு மார்ச்சில் டிக்கெட் போட வேண்டும், அப்போது கையில் இருப்பது டிசம்பர் விற்பனைப் பணம். இந்த ஒரு விஷயத்தில் அச்சு முந்துகிறது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் தெரிந்த பதிப்பகத்தின் அரங்கில் பிரதிகளை வைக்க இடம் கிடைத்து, நாமும் பக்கத்திலேயே நின்று விற்றால், சில பேர் அன்றைக்கே கணக்கு முடித்துக் கொடுத்துவிடுவார்கள். கடைகளில் போட்டால் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிவு போகும், மிச்சத்துக்கு நாலைந்து முறை போன் பண்ண வேண்டியிருக்கும்.

கிண்டிலை ரொம்பவும் தூக்கிப் பேசுகிறேன் என்று தோன்றினால், அதன் வம்புகளும் உண்டு. அமேசானின் இந்தியத் தளத்தில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்ட்டில் சேர வேண்டும். சேர்ந்தால் மின்வடிவம் வேறு எங்கும் இருக்கக்கூடாது. பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் தொடராக எழுதியிருந்தால் அங்கிருந்து எடுத்தாக வேண்டும். அதே 70 சதவீதத்தில் கோப்பின் எடைக்கு ஏற்ப டெலிவரி கட்டணமும் கழியும். நாவலுக்கு இது பொருட்டே இல்லை. நாற்பது படம் வைத்துப் பயணக்கட்டுரை போடுகிறவர்கள் படங்களைச் சுருக்காமல் ஏற்றினால் கணிசமாகக் கடிக்கும்.

இன்னொன்று எழுத்துரு. அச்சகத்தில் பக்கம் கட்டும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில், யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத எழுத்துருவில் பக்கம் கட்டியிருந்தால், கடைசி மெய்ப்பில் செய்த திருத்தங்கள் அந்தக் கோப்பில் மட்டுமே இருக்கும். நம்மிடம் இருக்கும் வேர்டு கோப்பு பழசு. அச்சகக் கோப்பை எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தால் 'கொ', 'கோ' எல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக வந்து நிற்கும். உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. கிண்டிலில் முதலில் போட்டு, அந்த யூனிகோடு கோப்பையே பிறகு அச்சுக்குக் கொடுத்தால் இந்த வேலை மிச்சம்.

வாசகர்கள் சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில், படிக்கப்படும் பக்கத்துக்குத்தான் காசு. நீளமான குடும்ப நாவல்களுக்கு அது ஒத்துவரும், நாற்பது பக்கக் கவிதைத் தொகுப்புக்கு டீச் செலவு தேறினால் பெரிது. இதை என் ஒரு நாவலையும் பழகிய சிலருடைய கணக்கையும் வைத்துத்தான் சொல்கிறேன், துப்பறியும் கதை எழுதுகிறவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம். நூலக ஆணை (அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவு), அரசுப் பரிசு என்று மனதில் இருந்தால் இந்த அலசலே வேண்டாம், அச்சுப் பிரதி வைத்தே ஆக வேண்டும்.

அதற்காக 300, 500 என்று அடிக்கத் தேவையில்லை. இப்போது டிஜிட்டல் அச்சில் 50 பிரதிகூடப் போட்டுத் தருகிறார்கள். ஒரு பிரதிக்கு ஆகும் செலவு கூடும், ஆனால் பெட்டி சேராது. அடுத்த நாவலை ஆகஸ்டில் கிண்டிலில் ஏற்றிவிட்டு, ஜனவரிக்கென்று ஒரு 50 பிரதி மட்டும் அடிப்பதாக இருக்கிறேன். பிப்ரவரி முடிவில் மிச்சம் இருப்பது உள்ளூர்க் கடைக்கு, விற்ற பின் பணம் என்ற பேச்சில். மார்ச்சில் டிக்கெட்.