சாயாட் சாயாட்டில் ஏறுவதா, இறங்குவதா?

சுங்கை சிப்புட் சாப்பாட்டுக் கடையில் சபாவின் கினபாலு மலை பற்றிப் பேச்சு எழுந்தால் போதும். "1997லேயே நம்ம மலேசியாக்காரங்க மகேந்திரனும் மோகன்தாஸும் எவரெஸ்ட் ஏறிட்டாங்க, இது என்ன பெரிய மலை" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார். அந்தப் பேச்சை நம்பித்தான் போன வருடம் நானும் மச்சானும் கிளம்பினோம்.

உச்சிக்குப் போகும் வழியில் சாயாட் சாயாட் சோதனைச் சாவடி, 3,668 மீட்டர். இன்னும் விடியவில்லை. நாள் முழுக்க செம்பனைக் குலை வெட்டினாலும் களைக்காத மச்சான், கயிற்றைப் பிடித்தபடி குனிந்து வாந்தி எடுத்தான். தலை வெடிக்கிறது என்றான். உச்சி 4,095 மீட்டர்.

ஏறிவிடலாம் என்பதற்கு எங்களிடம் இருந்த பெரிய வாதம் பணம். விமானம், அனுமதி, வழிகாட்டி, தங்குமிடம் எல்லாவற்றுக்கும் வெள்ளி கட்டியாகிவிட்டது. ஆனால் ஏறினாலும் இறங்கினாலும் அந்தக் காசு திரும்பாதே! அப்புறம் அது எப்படி ஏறுவதற்குக் காரணமாகும்? எனக்கும் முழங்கால் வலிதான். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கலாம். உயரத்தால் வரும் தலைவலியும் வாந்தியும் அப்படியில்லை. மேலே போகப் போக முற்றும். போதாக்குறைக்கு, ஏறிய வழுக்குப் பாறையிலேயே அவன் இறங்கியும் ஆக வேண்டும்.

இறங்கினால் என்ன நஷ்டம்? ஊர்க் கேலி, சரி. அதைவிட மோசம், "அடுத்த வருசம் பார்க்கலாம்" என்று தேதி வைக்காமல் சொல்வது. அது கைவிடுவதற்கு இன்னொரு பெயர்.

வழிகாட்டி மலாயில் ஒரே சொல்லில் முடித்தார்: "தூருன்", அதாவது இறங்கு. இறங்கினோம். 3,272 மீட்டரில் உள்ள பனலாபான் தங்குமிடத்துக்கு வந்து கொஞ்ச நேரத்தில் மச்சான் முட்டையும் ரொட்டியும் கேட்டான்.

கோர்பு ஏறிப் பழகிவிட்டுப் போங்கள் என்கிறார்கள் சிலர். 2,183 மீட்டர், நம் பேராக் மலைதான். காலுக்கு நல்ல பயிற்சி. ஆனால் உயர நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் பிடிக்கிறது. மச்சானைத் தடுத்தது கால் இல்லை, அவசரம். கடலோரக் கோத்தா கினபாலுவில் படுத்தெழுந்து, அன்றே பனலாபானுக்கு ஏறிவிட்டோம்.

இந்த முறை மார்ச் மாதம். முதல் இரவு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், கினபாலு பூங்கா அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே தங்குகிறோம். அந்தக் கூடுதல் ஓர் இரவு வாடகைக்குத்தான் மச்சான் இன்னும் முணுமுணுக்கிறான்.