களா வேலி வைக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: 18,000 ரூபாய் போச்சு

ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். முள்வேலிக்கு வைக்கிற களாக்கன்று என்று சொல்லி, முள்ளே இல்லாத நந்தியாவட்டையைத் தலையில் கட்டிவிட்டார்கள். 300 கன்று, ஒன்று 60 ரூபாய். மொத்தம் 18,000.

தாராபுரம் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. தேங்காய் திருட்டு ஓயவே இல்லை. போன கோடையில் கிணற்று மோட்டார் கேபிளையே அறுத்துக்கொண்டு போனார்கள். கம்பி வேலி போட்டால் கம்பியும் போகும். அதனால்தான் களா. வறட்சி தாங்கும், காய் ஊறுகாய்க்கு ஆகும், இரண்டு வரிசையாக நெருக்கி நட்டுக் கவாத்து செய்துவந்தால் அந்தக் கவட்டை முள்ளைத் தாண்டி எவனும் கை நீட்ட முடியாது.

வாங்கியது நெடுஞ்சாலை ஓரத்து நர்சரி ஒன்றில். கன்று முழங்கால் உயரம். "முள்ளையே காணோமே?" என்று கேட்டேன். அந்த ஆள் ஓர் இலையைக் கிள்ளிக் காட்டினார். காம்பில் வெள்ளையாகப் பால் திரண்டு நின்றது. "களான்னா பால் வரணுமுங்க, பாத்துக்குங்க. முள்ளு ரெண்டாவது வருசந்தான் வரும்" என்றார். எங்கள் அப்பா வைத்த வேலியிலும் களா இலையைக் கிள்ளினால் பால் வரும். இலையும் எதிரெதிராகத்தான் இருந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்தேன். நந்தியாவட்டைக்கும் அதே பால், அதே எதிரிலை என்பது செடி விற்கிறவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கிள்ளிக் காட்டியிருக்கிறார்!

நேற்று பூத்துவிட்டது. இதழ் திருகிய வெள்ளைப் பூ. "ஏங்க, இது சாமிக்கு வைக்கிற பூவாச்சே" என்றாள் மனைவி. வரிசை முழுக்க அதே செடி, ஒரு முள் கிடையாது.

போன் செய்தால் முதலில் "லோடு மாறியிருக்கும், ஓனர்கிட்ட சொல்றேன்". அப்புறம் "ஓனர் வெளியூருங்க". நேரில் போனால் "உங்க மண்ணுக்கு முள்ளு வரலீங்க". மண்ணுக்கு ஏற்றபடி களா நந்தியாவட்டையாக மாறுமா? கடைசியில் "பில்லு இருக்குதுங்களா?" என்று கேட்டார். துண்டுச்சீட்டில் "கன்று 300, ரூ.18,000" என்று மட்டும் இருக்கிறது, செடி பேரே இல்லை. இப்போது என் நம்பரை எடுப்பதே இல்லை. 18,000 ரூபாய், குழி வெட்டிய கூலி தனி.

முழங்கால் உயரக் களாக்கன்றில் முள் இருந்தே ஆகும். பிறகு வரும் என்றால் வாங்காதீர்கள். பாலை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். பில்லில் செடி பேரை எழுதச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் என்றால் கிளுவை என்கிற வேலி மரத்தின் போத்து (ஊன்றுகிற கிளை) அக்கம்பக்கத்து வேலியிலேயே கிடைக்கும், மழைக்கு முன்னால் வெட்டி ஊன்றினால் போதும், நர்சரிக்கே போக வேண்டாம். நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்று காலை கூப்பிட்டுப் புகார் பதிந்துவிட்டேன்.