வடுவூரா, கோடியக்கரையா?

லீவுக்குத் தஞ்சாவூர் வருகிறவர்கள் கேட்பது: நீர்ப்பறவை பார்க்க எங்கே போகலாம்?

பாதுகாப்பு: கோடியக்கரைதான் மூத்தது. 1967-லேயே சரணாலயம், 2002-ல் ராம்சர் பட்டியல் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்). வடுவூர் ஏரிக்கு 1999, 2022.

பறவை: வடுவூரில் அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை. மூடினாலும் நடுவில் சந்து தெரியும் அந்த நாரையின் அலகைக் கரையிலிருந்தே பார்க்கலாம். கோடியக்கரையில் பூநாரை, உள்ளான் (சிறு கரைப்பறவை) கூட்டம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கால்வளையம் மாட்டி வலசையை ஆராய்ந்த இடம். உள்ளான்களைப் பிரித்தறிய பைனாகுலர் வேண்டும், அப்புறம் நிறையப் பொறுமை.

தண்ணீர்: வடுவூர் மேட்டூரை நம்பியது, போகுமுன் ஏரி நிலவரம் விசாரியுங்கள்.

அலைச்சல்: வடுவூர் தஞ்சை–மன்னார்குடி சாலையிலேயே இருக்கிறது. கோடியக்கரை வேதாரண்யத்துக்கும் அப்பால்.

குழந்தைகளோடு அரை நாள் என்றால் வடுவூர். பூநாரைதான் வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரியில் கோடியக்கரை.