காளான் குடிலில் ஊதா விளக்கு: பழுதுபார்த்து மாட்டிய பிறகு

விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் பெட்டிக்குள் ஈரம் இறங்கி அணைந்துபோன விளக்கைச் சரிசெய்து மறுபடி மாட்டியிருக்கிறேன். சிப்பிக் காளான் போடத் தொடங்கும் நண்பர், "இதையே வாங்கலாமா?" என்று கேட்கிறார். செடி வளர்க்க என்று விற்கிறார்களே, சிவப்பும் நீலமும் கலந்த எல்இடி பட்டை, அதுதான்.

நியாயமாகச் சொன்னால், நன்றாகவே உழைக்கிறது. விதைத்த காளான் வித்து பரவும்வரை படுக்கைப் பைகளுக்கு இருட்டறை போதும். வெள்ளை இழை முழுதாகப் படர்ந்ததும் இந்த விளக்கடியில் தொங்கவிட்டால் மொட்டு தவறாமல் வருகிறது. குடை அகலமாக விரிகிறது, காம்பு குட்டையாக நிற்கிறது, சாம்பல் நிறமும் அழகாக ஏறுகிறது. வெளிச்சம் எட்டாத மூலையில் காம்புதான் நீள்கிறது, குடை சிறுத்துப்போகிறது. (கரியமில வாயு தேங்கினாலும் இதே கதிதான், காற்றோட்டத்தை முதலில் பாருங்கள்.)

ஆனால் இத்தனையும் நீலத்தின் வேலை. காளானில் பச்சையம் இல்லை. ஒளி அதற்கு உணவல்ல, வெட்டவெளிக்கு வந்தாயிற்று என்ற அறிவிப்பு. அதை உணரும் புரதங்கள் சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளியைப் பிடிக்கின்றன. சிவப்பு டையோடுகள் அநேகமாக வீண் மின்சாரம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, இந்த ஊதா வெளிச்சத்தில் பச்சைப் பூசணம் கண்ணில் படுவதே இல்லை! டிரைக்கோடெர்மா என்கிற அந்தப் பூசணம் முதலில் வெள்ளையாகத்தான் படரும், காளான் இழையோடு இழையாக. தன் வித்துத்தூளைக் கட்டிப் பச்சையாகும்போதுதான் அடையாளம் தெரியும். இந்த விளக்கில் அந்தப் பச்சை வெறும் மங்கல் நிழல். பையின் மஞ்சள் கசிவும் தெரியாது. தினமும் ஒவ்வொரு பையையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பூசணத்தை ஒரு நாள் தாமதமாகக் கண்டாலும் அதன் தூள் பக்கத்துப் பைகளுக்குப் போய்விடும். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரையும் நம்ப முடியாது. அது மனிதக் கண்ணுக்கு ஏற்ப அளப்பதால் நீலத்தைக் குறைத்தே காட்டும்.

ஆகவே வாங்காதீர்கள். 6500 கெல்வின் என்று நிறக் குறியீடு போட்ட வெள்ளை டியூப்லைட்டிலேயே வேண்டிய நீலம் இருக்கிறது. செய்தித்தாள் படிக்கிற அளவு வெளிச்சம், நாளுக்கு 12 மணி நேரம் போதும். நேர் வெயில் மட்டும் கூடாது, மொட்டு காய்ந்துவிடும். பொத்தான் காளான் போடுவதாக இருந்தால் வளர்ச்சிக்கு விளக்கே தேவையில்லை. பறிக்கவும் பூசணம் பார்க்கவும் வெள்ளை விளக்கு ஒன்று இருந்தால் சரி.