இலைத்துளை இணைய வகுப்பு: ஹார்மோன் பாதி அருமை, மீதி அவசரம்

இலைத்துளைகள் (இலையில் காற்று போய்வரும் நுண்ணிய துளைகள்) எப்படி உருவாகின்றன என்று சொல்லும் இந்த இணைய வகுப்பைத் தாராளமாகப் பார்க்கலாம். ஸ்பீச்லெஸ், மியூட், ஃபாமா என்ற 3 புரதங்கள் அடுத்தடுத்து வந்து சாதாரணத் தோல் செல்லைத் துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்லாக மாற்றும் அனிமேஷன் சூப்பர். பிராசினோஸ்டீராய்டு என்ற தாவர ஹார்மோன் பற்றிய பகுதிதான் உச்சம், அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் இலையில் துளைகளைக் குறைக்கும் அதே ஹார்மோன் நாற்றின் தண்டில் கூட்டுகிறது, காரணம் அது அடக்கும் பின்2 என்ற நொதி ஒரு பக்கம் துளை உருவாவதை அடக்கும் யோடா என்ற புரதத்தைத் தடுத்துத் துளைக்கு வழிவிடுகிறது, மறுபக்கம் ஸ்பீச்லெஸ்ஸையே சிதைய வைக்கிறது. இவ்வளவு குழப்பமான விஷயத்தை இத்தனை தெளிவாகச் சொன்னது பெரிய விஷயம்தான். அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன் துளையை மூடுவதோடு புதிதாக உருவாவதையும் குறைக்கும் என்பதும் வருகிறது, சரி. அப்புறம் ஆக்சின் ஹார்மோனை ஏன் ஒரே ஸ்லைடில் ஓட்டினார்கள்? சைட்டோகைனின் ஹார்மோன் பற்றிப் பேச்சே இல்லை. தேர்வுக் கேள்விகள் வெறும் மனப்பாடம்.