லாக்-ராங்க்கா, கெஹான் வில்காக்சனா?

மண்டபம் கரையில் பாசி வளர்க்கும் மிதவைகளுக்கு இரண்டு வகைக் கயிறு. எது அதிக நாள் தாங்கும்? கணக்கை முடிக்கும் நாளில் சில மிதவைகள் அறாமலே கிடக்கும்; சிலதை வேறு வேலைக்காக முன்பே கரையேற்றியிருப்பார்கள். இவை சென்சார் ஆன (censored, கயிறு அறும் நாள் தெரியாமலே நின்றுபோன) தரவு. இவற்றை ஒதுக்கிவிட்டுச் சராசரி பார்த்தால் நன்றாகத் தாங்கிய கயிறுதான் அடிபடும்.

இவற்றையும் சேர்த்தே இரண்டு கயிறுகளையும் ஒப்பிடும் புள்ளியியல் சோதனைகள் இரண்டு. 1965-இல் வந்த கெஹான் வில்காக்சன் முறை, ஒவ்வொரு அறுபடலுக்கும் அப்போது மிச்சமிருக்கும் மிதவைகளின் எண்ணிக்கையை எடையாக, அதாவது முக்கியத்துவமாக, கொடுக்கிறது. ஆரம்ப வித்தியாசம் ஓங்கித் தெரியும். 1966-இல் புள்ளியியலாளர் மாண்டெல் தந்த லாக்-ராங்க் எல்லாக் காலத்துக்கும் சம எடை தரும். வாடைக்காற்றில் நாள்பட நைந்து அறும் கயிற்றுக்கு என் தேர்வு இதுதான். அறுந்துவிடுமோ என்று பயந்து கரையேற்றிய மிதவைகள் கலந்திருந்தால் இரண்டுமே ஏமாற்றும்.